றிச்சர்ட்டுக்கு மீசை இல்லை

மேற்பிரிவு,
வட்டகொடை.
17.08.2025

அன்பு மகள் கேத்ரினுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நாங்கள் மூவரும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று உன் மாமி இராசம்மா தினமும் ஜெபமாலையில் உன் பெயரைச் சொல்கிறாள். எனக்குக் கேட்காவிட்டாலும் உதடு அசைவதைப் பார்த்தால் உன் பெயர் என்று தெரிகிறது.

நீ கிழமைதோறும் மாமிக்குப் போன் எடுக்கிறாய். பேசி முடித்துவிட்டு அவள் என்னிடம் சைகையோடு சொல்வது ஒன்றே ஒன்று: "சொகமா இருக்காளாம்." இதற்கா அவ்வளவு நேரம்? தேயிலை ஸ்டோரில் ரோலர் மெசினோடு நின்று காதைத் தொலைத்தவனுக்குக் கடிதம்தான் கதி. கட்டுநாயக்காவில் கார்மென்ட் வேலைக்குப் போனவள் மாமனாருக்கு இரண்டு வரி எழுதக்கூடாது என்று சட்டமா?

பேத்தி ஷெரினுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டு திரிகிறாள். படிப்பில் குறையில்லை. இங்கே மழை விட்டபாடில்லை, கொழுந்து நல்லது, அட்டையும் நல்லது.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். நம் றிச்சர்ட்டுக்கு மயானத்தில் நினைவுக்கல் எழும்பப்போகிறது. மரச்சிலுவை இல்லை, சீமெந்தில் மேடை கட்டி, டைல் ஒட்டி, மேலே சிப்பாய் சிலை, கீழே கறுப்புக் கல்லில் எழுத்து.

உனக்குத் தெரியும், இந்தத் தோட்டத்தில் நம் ஆட்கள் ஒருவருக்கும் கட்டின கல்லறை கிடையாது. காணி கம்பனியுடையது. செத்தவனுக்கு மண் உண்டு, கட்டடம் இல்லை. பலகையில் சிலுவை நட்டாலும் சூலம் நட்டாலும் நாலு மழைக்குள் உளுத்துப்போகும். என் அப்பாவை எங்கே புதைத்தது என்று கேட்டால் "அந்தப் பக்கம்" என்று கைகாட்டத்தான் முடியும். நாங்கள் றிச்சர்ட்டின் உடம்பு வராமல் அவன் சட்டையைப் பெட்டியில் வைத்துப் புதைத்தோமே, அந்தக் குழியும் இந்த மழையில் தணிந்து புல் மூடிவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று நான் சாப்பிடவில்லை.

தோட்டத்து மனேஜர் துரையிடம் போய்ப் பேசியது சின்னராசா. போரில் இறந்த சிப்பாய் என்று சொன்னதும் துரை மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்துவிட்டாராம். கினிகத்தேனையில் சிலை செய்கிற பாஸைப் பிடித்ததும் அவர்தான், செலவும் அவர்தான். றிச்சர்ட்டை ரஷ்யாவுக்கு அனுப்பிய ஏஜென்சிக்குக் கூட்டிப்போனவர் என்று உனக்கு அவர்மேல் கோபம் இருப்பது தெரியும். ஆனால் சாவுச் செய்தி வந்த நாளிலிருந்து சொந்தப் பிள்ளையை இழந்தவரைப் போல வந்துபோகிறார். அதையும் நாம் பார்க்கவேண்டும் அல்லவா?

நவம்பர் இரண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாள். அன்றைக்குப் பாதர் வந்து மந்திரிப்பார். நீ லீவு எடுத்துக்கொண்டு வந்து, ஷெரினோடு சேர்ந்து சிலைமேல் போர்த்தும் துணியை விலக்கவேண்டும். இது மாமாவின் ஆசை.

உன்னை என்றும் நினைக்கும்,
மாமா
சூ. றோலண்ட்


கட்டுநாயக்கா
27.08.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கேத்ரின் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. எழுதவில்லை என்ற குறையை ஏற்றுக்கொள்கிறேன். நான் இங்கே சுகம். ஷெரினின் முன்பல்லைப் பார்க்க நான் இல்லையே என்று நினைத்து போர்டிங்கில் கொஞ்சம் அழுதேன். பிறகு சரியாகிவிட்டேன். விழுந்த பல்லை எறிந்துவிட வேண்டாம் என்று மாமியிடம் சொல்லுங்கள்.

மாமா, நீங்கள் வருத்தப்பட்டாலும் நான் நேராகவே எழுதுகிறேன். அந்தச் சிலை வேண்டாம்.

அவருக்குக் கல் வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கல் வேண்டும், எனக்கும் வேண்டும். போய் நின்று அழ ஓர் இடம் இல்லாமல் நான் படும் பாடு உங்களுக்குத் தெரியாதா? ஆனால் சிப்பாய் என்று வேண்டாம். அவர் சிப்பாய் இல்லை. முகாமில் சமையல் வேலை என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். நீங்கள்தான் அவருடைய பையில் கருவேப்பிலைத் தூளும் மாசிக் கருவாடும் கட்டிவைத்தீர்கள், வெள்ளைக்காரனுக்கு நம் கை ருசி தெரியட்டும் என்று.

ஏஜென்சிக்காரர்மேல் நான் பொலிஸில் கொடுத்த முறைப்பாடு இப்போது நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது. அதில் சின்னராசாவின் பெயரும் இருக்கிறது. என் பக்கம் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: சமையல் வேலை என்று ஏமாற்றி அழைத்துப்போய் யுத்தத்தில் தள்ளினார்கள். அந்த மனிதர் ஏன் சொந்தச் செலவில் உங்கள் மகனுக்குச் சிலை வைக்கிறார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

கல்லில் என்ன எழுதப்போகிறார்கள்? அதை உடனே எனக்கு எழுதுங்கள். அதுவரை வேலையை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

மாமியின் முழங்காலுக்கு மருந்தெண்ணெய் இத்துடன் அனுப்புகிறேன். ராத்திரியில் தேய்த்தால் போதும்.

அன்பு மருமகள்,
கேத்ரின்


மேற்பிரிவு,
வட்டகொடை.
07.09.2025

அன்பு மகள் கேத்ரினுக்கு,

உன் கடிதம் வரும்முன்பே சிலை வந்து இறங்கிவிட்டது. இனி வேலையை நிறுத்திவைக்க வழியில்லை.

வேனிலிருந்து இறக்க லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஓடி வந்தார்கள். பாஸ் ஏற்கெனவே செய்துவைத்திருந்த அச்சில் ஊற்றிய சிலைதான், அதனால் இந்த நாட்டு ஆமிக்காரர் மாதிரி பச்சை உடுப்பும் தடித்த மீசையும் இருக்கின்றன. றிச்சர்ட்டுக்கு மீசை இல்லை என்று சொன்னேன். மீசையைச் செதுக்கினால் மேலுதடும் உடைந்துவிடும் என்று பாஸ் சொன்னாராம். இராசம்மா பார்த்துவிட்டு, "யாரு பெத்த புள்ளையோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கென்னவோ தூரத்திலிருந்து பார்த்தால், நெற்றியும் நிற்கிற தோரணையும் அவன் மாதிரித்தான் தெரிகிறது.

நீ கேட்ட எழுத்து இது: "தன் விருப்பத்தோடு போர்முனை சென்று, ரஷ்ய மண்ணில் வீரமரணம் எய்திய எமது தோட்டத்தின் தவப்புதல்வன் றோலண்ட் றிச்சர்ட்." தமிழ் நன்றாக இருக்கிறது அல்லவா? சின்னராசா எழுதிக் கொடுத்தது.

ஒன்று சொல்கிறேன் கேள். போன புதன்கிழமை ஒரு பொலிஸ் சார்ஜன்ட் மோட்டார் சைக்கிளில் கீழே றோட்டால் போனவர், மயானத்தில் சிலையைக் கண்டு வண்டியை நிறுத்தி, ஏறி வந்து சல்யூட் அடித்தார். நான் பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். "புதாத?" என்று அவர் கேட்டது வாயசைவில் விளங்கியது. மகனா என்று. "ஓவ் மாத்தயா" என்றேன், ஆமாம் ஐயா என்று. என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த நாட்டு ஆமி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நான் அதைத் திருத்தப் போகவில்லை. என் ஐம்பத்தேழு வயதில் இதுவரை எந்தப் பொலிஸ்காரனும் என் கையைப் பிடித்தது கிடையாது, காலரைப் பிடித்திருக்கிறார்கள்.

பக்கத்துக் காம்பிரா வீட்டு வீரம்மாவின் மகன் வினோஜன் வேலை விட்டு வரும்போதெல்லாம் சிலைக்கு முன் நிற்கிறான். "பெரியப்பா, நம்மாள்ல ஒருத்தனுக்கு இப்பிடி வச்சிருக்காங்கன்னா பெருமைதானே" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினான்.

நீ ஏமாற்றினார்கள் என்கிறாய். சரி, அவன் சமைக்கத்தான் போனான். ஆனால் அங்கே போனபிறகு, கூட இருந்த பையன்கள் சண்டைக்குப் போவதைப் பார்த்து, நானும் வருகிறேன் என்று தானே துவக்கைக் கேட்டு வாங்கினான் என்று சின்னராசா அங்கிருந்து தகவல் எடுத்துச் சொன்னார். நீ வேறு எதை எழுதச் சொல்கிறாய்? ஏமாந்து செத்தான் என்று கல்லில் வெட்டவா? அப்படி வெட்டினால் துரை ஒரு கல்லைக் கூட விடுவாரா? சிப்பாய் என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் மகள் நமக்கு இடம் கிடைத்திருக்கிறது.

மருந்தெண்ணெய் கிடைத்தது. மாமி தேய்க்கிறாள்.

மாமா
சூ. றோலண்ட்


கட்டுநாயக்கா
20.09.2025

மாமாவுக்கு,

நேற்று வழக்குத் தவணை. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஏஜென்சிக்காரரின் சட்டத்தரணி எழுந்து ஒரு போட்டோவை நீதவானிடம் நீட்டினார். என்ன போட்டோ என்று எனக்கு எட்டிப் பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. மீசை வைத்த அந்தச் சிலையும் கீழே உள்ள எழுத்தும்.

தமிழில் இருந்ததைச் சிங்களத்தில் வாசித்தார். "இறந்தவரின் சொந்தத் தகப்பனாரே மகன் தன் விருப்பத்தோடு போருக்குப் போனான் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். மருமகள் மட்டும் நட்டஈட்டுக்காக வேறு கதை சொல்கிறார்" என்றார். நான் பணத்துக்காகப் பொய் சொல்கிறவளாம். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வாங்கில் சின்னராசா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

இப்போது விளங்குகிறதா மாமா, அந்தக் கல் யாருக்காக வைத்தது என்று?

எனக்கு உங்கள்மேல் கோபம். இல்லை என்று மழுப்பமாட்டேன். நீங்கள் எனக்கு அப்பாவுக்கு அப்பாவாக இருந்தவர். கல்யாணமாகி வந்த புதிதில் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்திப் போனதற்காக, மேற்பார்க்கிற கண்டாக்கு என்னை ஏசியபோது, ஸ்டோரிலிருந்து வந்து அவரோடு சண்டை பிடித்தவர் நீங்கள். அந்த மாமா எங்கே போனார்? ஒரு சார்ஜன்ட் கையைப் பிடித்ததற்காக என் கையை விட்டுவிட்டீர்களே.

அடுத்த தவணை நவம்பர் 21. அதற்குள் அந்த எழுத்து எடுபடாவிட்டால் நான் ஆத்துமாக்கள் திருநாளுக்கு வரமாட்டேன். டிசம்பர் லீவில் ஷெரினையும் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அவள் அந்த எழுத்தை வாசித்து வாசித்து வளர்வதை நான் விரும்பவில்லை.

கேத்ரின்


மேற்பிரிவு,
வட்டகொடை.
29.09.2025

கேத்ரினுக்கு,

பிள்ளையைக் கொண்டுபோவேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தாளை மாமியிடம் காட்டவில்லை. காட்டினால் படுத்துவிடுவாள்.

சின்னராசாவைக் கேட்டேன். போட்டோ எடுத்தது வேறு யாரோ, நான் இல்லை என்று ஷெரினின் கொப்பியில் எழுதிக் காட்டினார். நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ உடனே, பார்த்தீர்களா என்று துள்ளாதே. ஒருவர் மோசமான ஆள் என்பதால் அவர் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடுமா?

நான் கேட்பது ஒன்றுதான். அங்கே என்ன நடந்தது என்று நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவன் தானே துவக்கை எடுத்தான் என்கிறார் அவர். இல்லை என்கிறாய் நீ. நீ எதை வைத்துச் சொல்கிறாய்? உனக்கு எப்படித் தெரியும்?

என் மகன் கோழையாக, ஏமாளியாகச் செத்தான் என்று யாரோ ஒரு கோர்ட்டில் நிரூபிப்பதற்காக நான் அவன் கல்லைப் பெயர்க்க வேண்டுமா? பெற்றவனுக்கு அவனிடமிருந்து மிஞ்சியது இந்தப் பெருமை மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது சொல்.

றோலண்ட்


கட்டுநாயக்கா
06.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டீர்கள். இனி ஒளிக்க முடியாது.

ஷெரினின் அப்பா கடைசியாக எனக்குப் போனில் ஒரு குரல்பதிவு அனுப்பினார். பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதை நானும் மாமியும் கேட்டோம். பொலிஸுக்குக் கொடுத்திருக்கிறேன். அது அவர் குரல்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவர்களுடைய சட்டத்தரணி இப்போது கேட்கிறார். உங்களுக்குக் காது கேட்காது என்பதால் சொல்லாமல் இருந்துவிட்டோம். அது சாக்கு. உங்களிடம் சொல்லவேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார், அதனால்தான். நீங்கள் சின்னராசாவின் கதையில் கொஞ்சம் ஆறுதல் அடைந்ததைப் பார்த்து, மாமி "இருந்துட்டுப் போவட்டும்" என்றார். நானும் சரி என்றேன்.

இன்று லீவு. கதவைச் சாத்திக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, அவர் பேசியபடியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

"கேத்ரின், நாந்தான். கோல் எடுக்க முடியாது, இதுல பேசி அனுப்புறேன். சத்தமா பேசவும் ஏலாது. இங்க குசினியே இல்ல புள்ள. வந்து எறங்குன ஒடனே ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க, என்னா எழுதியிருக்குன்னு எவனுக்கும் தெரியாது. இப்ப துவக்கக் குடுத்திருக்காங்க. நா சமைக்க வந்தவன்னு சொன்னேன். பாஸ்போட்டக் குடு, நா ஊருக்குப் போறேன்னு அழுதுகூடப் பாத்துட்டேன். சிரிக்கிறாங்க. சின்னராசா அண்ணனுக்கு எத்தனவாட்டி அடிச்சேன், எடுக்க மாட்டேங்கிறாரு. நீ அவரு ஊட்டுக்கே போயி சொல்லு. காலுல விழுந்தாவது சொல்லு. நாளைக்கு எங்கள முன்னுக்கு அனுப்புறாங்களாம். இந்தச் சாமான எப்பிடிப் புடிக்கிறதுன்னே எனக்கு சரியா தெரியல. பயமா இருக்கு கேத்ரின். ரொம்பப் பயமா இருக்கு. அப்பாகிட்ட சொல்லிறாத. அவரு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டு இருப்பாரு. கேட்டாருன்னா ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கேன்னு சொல்லு. பாப்பாவுக்கு..."

அத்தோடு நின்றுவிடுகிறது. பாப்பாவுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது.

நான் அன்றைக்கே சின்னராசா வீட்டுக்குப் போனேன் மாமா. காலிலும் விழுந்தேன். "ஒண்ணும் பயப்புடாத, எல்லாம் நா பாத்துக்கிறேன்" என்று சொல்லி தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

உங்கள் மகன் கோழை இல்லை. சமைக்கப் போன ஒரு மனுசன் கையில் துவக்கைக் கொடுத்தால் பயம் வராதா?

கேத்ரின்


கட்டுநாயக்கா
24.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. நேற்று மாமியோடு பேசினேன். நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, விடிந்தால் மயானத்துக்கு ஏறிப்போய் அந்தச் சிலைக்கு முன்னால் மழையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், கூப்பிட வந்தவர்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று சொல்லி அழுதார்.

நான் எழுதியது உங்களை இவ்வளவு நோகடிக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். அதற்காக மன்னியுங்கள். எழுதியதில் பொய் மட்டும் இல்லை.

மாமி இன்னொன்றும் சொன்னார். வினோஜன் பாஸ்போர்ட் எடுத்துச் சின்னராசாவிடம் கொடுத்துவிட்டானாம். அவனும் இன்னும் இரண்டு பேரும் அடுத்த மாதம் போகிறார்களாம். சின்னராசா அவர்களை மயானத்துக்கே கூட்டி வந்து, சிலையைக் காட்டித்தான் பேசினாராம். வீரம்மா அக்காவுக்கு இருப்பது அந்த ஒரே பிள்ளை.

இனிமேல் நான் கல்லை எடுங்கள் என்று உங்களை வற்புறுத்தமாட்டேன். ஷெரினைப் பிரிப்பேன் என்று எழுதியதும் கோபத்தில்தான். ஆனால் அந்தப் பையனிடம் யாராவது சொல்லவேண்டும். நான் போனில் சொன்னேன், அவன் கேட்கவில்லை. "ஒங்க ஊட்டுக்காரரு பேரு வாங்குனது ஒங்களுக்கே புடிக்கலையா அக்கா" என்று கேட்கிறான்.

சாப்பிடுங்கள் மாமா.

அன்பு மருமகள்,
கேத்ரின்


மேற்பிரிவு,
வட்டகொடை.
05.11.2025

என் அன்பு மகள் கேத்ரினுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீ திருநாளுக்கு வருவாய் என்று வட்டகொடை ஸ்டேஷன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். வராதது சரிதான். வராமல் போக உனக்கு நியாயம் இருந்தது.

உன் கடிதத்தை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. மகன் பயந்தான் என்று வாசிக்கும்போது எனக்கு வெட்கம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. நெஞ்சுதான் வலித்தது. அவன் குரலை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள், பெற்றவன் எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தச் சிலைக்கு முன் போய் உட்கார்ந்தேன். பயப்படுகிற முகமா அது? எதற்கும் பயப்படாத, யார் பெற்ற பிள்ளையோ அது. என் பிள்ளையை அதில் எங்கே தேடியும் காணவில்லை. மாமி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள், எனக்குத்தான் இவ்வளவு நாள் எடுத்தது.

நீ வினோஜனைப் பற்றி எழுதியது சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. நம் தபால் ஒபிசில் கிடந்துதானே வரும். அவனைத் தேடிப் போனேன், தலவாக்கலைக்குப் போய்விட்டான் என்றார்கள்.

மறுநாள் ஞாயிறு திருநாள். வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் தோட்டமே மயானத்தில் நின்றது. பாதர் தண்ணீர் தெளிக்கப் போனார். சின்னராசா வெள்ளை உடுப்பில், மாலையோடு முன்னால் நின்றார். வினோஜனும் மற்ற இரண்டு பையன்களும் அவர் பக்கத்தில். திருநாளுக்கென்று சிலைமேல் போர்த்தியிருந்த துணியை விலக்கச் சொல்லிப் பாதர் எனக்குக் கைகாட்டினார்.

நான் விலக்கவில்லை. "மன்னிக்கணும் பாதர், இத மந்திரிக்க வேணாம்" என்றேன். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோர்ட்டில் கேட்டால் மாற்றிச் சொல்லாமல் இருக்கவேண்டும் அல்லவா? "இது எம் மகன் இல்ல. எம் மகன் சிப்பாயும் இல்ல. அவன் சமைக்கப் போனான். ஏமாத்திக் கொண்டுபோயி துவக்கக் குடுத்தாங்க. பயந்து, அழுது, யாரும் போன எடுக்காமத்தான் செத்தான். இந்தக் கல்லுல வெட்டியிருக்கறது பொய். எழுதுனது இவரு, செலவழிச்சது இவரு, வாங்கி வச்சவன் நானு. வினோஜன், நீ போனீன்னா ஒனக்கும் இதே மீசைய வப்பாங்க. அவ்வளவுதான்டா கெடைக்கும்."

சின்னராசா ஏதோ சொன்னார், அது எனக்குக் கேட்கவில்லை, வாயசைவையும் நான் பார்க்கவில்லை. அவர் மாலையைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனார். ஆனால் வீரம்மா விடவில்லை. பின்னாலேயே ஓடி, கார் முன்னால் போய் நின்றுகொண்டாள். "எம் புள்ள பாஸ்போட்ட வச்சிட்டு வண்டிய எடு" என்றாளாம். பெண்களெல்லாம் போய் அவளோடு நின்றுவிட்டார்கள். கொழும்பில் இருக்கிறது என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் போனார். ஆனால் நேற்று மூன்று பாஸ்போர்ட்டும் வந்துவிட்டன. வினோஜன் என்னோடு இன்னும் பேசவில்லை. கோபமாக இருக்கட்டும், உயிரோடு இருக்கட்டும்.

திங்கட்கிழமை துரை என்னை ஒபிசுக்குக் கூப்பிட்டார். தாளில் கேள்வி எழுதினார், இறந்தவர் சிப்பாய் இல்லையா என்று. "இல்லைங்க ஐயா, சமைக்கப் போன புள்ள" என்றேன். அப்படியானால் சீமெந்து வேலைக்குக் கொடுத்த அனுமதி செல்லாது, எடுத்துவிடவேண்டும் என்று எழுதினார். பாவம், அவருக்கும் முகம் சரியில்லை.

எடுத்துவிட்டேன். அலவாங்குக் கம்பியை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. டைல் ஒவ்வொன்றும் பெயரும்போது எனக்கு உயிர் போய் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களுக்குக் கிடைத்த ஒரே ஒரு கல்லை நானே உடைத்தேன். இனி அங்கே இன்னொருவருக்குக் கிடைக்குமா தெரியாது. எழுத்து வெட்டிய கல்லை மட்டும் உடைக்காமல் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். உன் சட்டத்தரணி கேட்டால் காட்டலாம். இப்போது அங்கே பலகைச் சிலுவைதான் நிற்கிறது. பெயரும் வயதும் மட்டும் எழுதினேன். மழை பெய்தால் போய்த் திரும்ப எழுதுவேன், கை ஓடும்வரை.

மாமி ரொட்டி சுட்டு, ஒரு தட்டில் சிலுவைக்கு முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் இத்தனை நாளும் என் முன்னால் அழாமல் இருந்தது எனக்காகத்தான் என்று இப்போதுதான் விளங்குகிறது.

நவம்பர் 21க்கு நான் வருகிறேன். முதல் நாளே றெயிலில் வந்துவிடுவேன், உன் போர்டிங்கில் எங்காவது ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறேன். கல்லில் எழுதியது யார், துரையிடம் பேசியது யார், பணம் கொடுத்தது யார் என்று நான் சாட்சி சொல்வேன். கேள்வியைத் தமிழில் எழுதிக் காட்டச் சொல், பதிலை நான் வாயால் சொல்கிறேன்.

ஒன்று மட்டும். மயானத்தில் நான் மெதுவாகப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே றோட்டு வரைக்கும் கேட்டது என்று மாமி சொல்கிறாள். கோர்ட்டிலும் அந்தச் சத்தம்தான் வரும் மகள். நீ வெட்கப்பட்டு என் கையைப் பிடித்து அடக்கிவிடாதே.

உனக்கு அப்பாவுக்கு அப்பாவான,
மாமா
சூ. றோலண்ட்